சத்திரத்துத் தூளியும் விடுதிக் கட்டிலும்: கைக்குழந்தையோடு பயணித்த குடும்பங்களின் உறங்கிட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வழிப்போக்கர்க்கான தங்கிடங்கள் பற்றிய தமிழக ஆய்வுகள் பெரும்பாலும் கொடையாளர், கட்டடக்கலை, அன்னதானம் என்னும் மூன்றையே மையமாகக் கொண்டுள்ளன. கைக்குழந்தையோடு வந்த குடும்பம் இரவில் எங்கே, எவ்வாறு உறங்கியது என்னும் வினா அவற்றில் இடம்பெறுவதில்லை. சத்திரத்திலிருந்து லாட்ஜுக்கு நிகழ்ந்த மாற்றத்தை இவ்வினாவின் வழி இக்கட்டுரை அணுகுகிறது. சத்திரம் தரைப்பரப்பையும் உணவையும் அலகாகக் கொண்டது. விடுதி கட்டிலையும் ஆள் எண்ணிக்கையையும் அலகாகக் கொண்டது. இந்த அலகு மாற்றத்தாலேயே குழந்தை ‘கூடுதல் ஆள்’ ஆயிற்று என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சத்திரம், சாவடி, தூளி, இரண்டாம் சரபோசி, லாட்ஜ், கூடுதல் படுக்கை.

முன்னுரை

தமிழில் ‘ஹோட்டல்’ என்னும் சொல் நெடுங்காலமாக உணவகத்தையே குறித்து வருகிறது. தங்குமிடத்துக்கு ‘லாட்ஜ்’ என்னும் சொல் தனியே வழங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் சுட்டும் பொருளைத் தமிழ்ப் பேச்சு இரண்டாகப் பிரித்துக்கொண்டது தற்செயலானதன்று. இங்கு வழிப்போக்கர்க்குச் சோறிடுவது ஓர் அறமாகவும், பின்னர் ஒரு தொழிலாகவும் தனித்து வளர்ந்தது. படுக்க இடம் தருவது அந்த அறத்தின் நிழலிலேயே நின்றது. சத்திரம் பற்றிய ஆவணங்கள் அரிசியையும் மோரையும் ஊறுகாயையும் அளந்து எழுதுகையில், பாயைப் பற்றியும் தலையணையைப் பற்றியும் அரிதாகவே பேசுவதற்கு இதுவே காரணமாகலாம்.

தமிழ்க் குடும்பம் கைக்குழந்தையோடு மேற்கொள்ளும் முதல் நெடும்பயணம் பெரும்பாலும் குலதெய்வக் கோயிலுக்கோ பழனி, திருச்செந்தூர், சமயபுரம், திருப்பதி போன்ற தலங்களுக்கோ முடியிறக்கவும் காது குத்தவும் செல்வதாகும். எனவே தலங்களைச் சார்ந்த தங்கிடங்களில் குழந்தை என்றும் இருந்திருக்கிறது. அது விதிவிலக்கான விருந்தினரன்று. பல வேளைகளில் பயணத்தின் காரணமே அதுதான். அவ்வாறிருந்தும் தங்கிடங்களின் வரலாற்றில் அதற்குப் பக்கம் இல்லை.

வழியில் பிறந்த குழந்தை

இவ்வினாவுக்குப் பழந்தமிழ் இலக்கியத்தில் ஒரு தொடக்கம் உண்டு. மணிமேகலை கூறும் ஆபுத்திரன் கதை, அடிப்படையில், பயணத்தில் பிறந்த ஒரு குழந்தையின் கதையாகும். வாரணாசியிலிருந்து குமரித் துறையில் நீராடப் புறப்பட்ட சாலி என்னும் பார்ப்பனப் பெண் வழியில் குழந்தை பெற்று, அதை ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. வளர்ந்து ஊராரால் ஒதுக்கப்பட்ட பின், அவன் மதுரையில் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தைத் தன் இடமாக்கிக்கொள்கிறான். இரந்து பெற்றதைக் காணாதார்க்கும் கேளாதார்க்கும் முடப்பட்டோர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குகிறான். ஒரு மழைநாளின் நள்ளிரவில் பசியோடு வந்த வழிப்போக்கர் அவனை எழுப்ப, கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தும் வேளையில்தான் அமுதசுரபி அவன் கைக்கு வருகிறது.

இக்கதையைப் பௌத்த அறத்தின் விளக்கமாகவே பலரும் வாசித்துள்ளனர், அவ்வாசிப்பில் பிழையில்லை. எனினும் அக்கால அம்பலத்தின் இயல்பு பற்றிய செய்திகளும் இதில் பொதிந்துள்ளன. அது கதவில்லாப் பொதுவிடம். நள்ளிரவிலும் அதற்குள் புகலாம். அங்கு உறங்குவோர்க்கெனத் தனிப் படுக்கை இல்லை. பேறுகாலத்தை நெருங்கிய பெண்ணொருத்திக்கு வழியில் அத்தகைய இடம் கிட்டாமற் போனதாகவே கதை அமைகிறது என்பதும் கருதத்தக்கது.

தமிழக நெடுவழிகளில் இன்றும் காணப்படும் சுமைதாங்கிக் கற்களை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். கருவுற்ற நிலையில் அல்லது மகப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காக, வழிச்செல்வோர் தலைச்சுமையை இறக்கி வைக்கும் கல் அது. சாலையோர அறத்துக்கும் தாய்மைக்கும் உள்ள தொடர்பை இதைவிட நேரடியாகச் சொல்லும் சான்று வேறில்லை.

1801ஆம் ஆண்டுக் கடிதம்

சத்திரங்களில் தாயும் சேயும் பெற்ற இடத்தைத் தெளிவாகக் காட்டும் சான்று, தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1801இல் தஞ்சை ரெசிடென்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதமாகும். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டு ஆட்சி கும்பினியாரிடம் சென்றுவிட்டது. சத்திரங்களுக்கு விடப்பட்டிருந்த நிலங்களின் வருவாய்க்கு ஊறு நேர்ந்துவிடக் கூடாதே என்னும் கவலையில் எழுதப்பட்டது இக்கடிதம். இராமேசுவரச் சாலையில் தம் முன்னோரும் அரசியரும் நிறுவிய சத்திரங்களில் நடைபெறும் அறங்களை மன்னர் அதில் விரிவாக எடுத்துரைக்கிறார்.

பார்ப்பனர் முதல் பறையர் வரை எல்லாச் சாதிப் பயணிகளுக்கும் யோகி, சங்கமர் முதலிய அடியார்களுக்கும் சோறு வழங்கப்படுகிறது. சமைத்த சோறு உண்ணாதார்க்கு அரிசியும் பண்டங்களும் தரப்படுகின்றன. நள்ளிரவு வரை இது நடக்கிறது. பின் மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என அழைக்கின்றனர். சிந்தாதேவி கோயிலின் நள்ளிரவுப் பசிக்கும் இந்த மணிக்கும் இடையே நேரடித் தொடர்பு காட்ட இயலாது; ஆனால் நடு இரவில் வந்து சேரும் பயணியை மறவாதிருப்பதே தங்கிடத்தின் அறம் என்னும் எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானவை அடுத்து வரும் செய்திகள். கைக்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்பட்டது. கருவுற்ற பெண்கள் பரிவோடு நடத்தப்பட்டனர். சத்திரத்திலேயே மகப்பேறு நிகழ்ந்தால் அதன் செலவையும் மருந்தையும் சத்திரமே ஏற்றது; பேற்றுக்குப் பின் மூன்று மாதம் அங்கேயே தங்கத் தாய்க்கு இசைவு இருந்தது. ஆதரவற்றுப் போன பயணிகளின் பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டு, நாளுக்கு மூன்று வேளை உணவும், நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியலும், உடையும், கல்வியும் பெற்றனர். அவர்தம் திருமணச் செலவும் சத்திரத்தைச் சார்ந்தது.

மூன்று மாதம் என்னும் கால அளவு சிந்திக்கத்தக்கது. சத்திரத்தில் மூன்று நாள் தங்கலாம் என்பதே பிற்காலத்தில் பல சத்திரங்களில் நிலவிய வரையறை. உடல்நலம் குன்றியோர்க்கும் பயணத்தைத் தொடர இயலாதார்க்கும் அது தளர்ந்தது. பிள்ளைபெற்றவளுக்கோ நாளன்றி மாதமே கணக்காயிற்று. தாய்வீட்டில் மகப்பேற்றுக்குப் பின் மூன்று மாதம் தங்கும் வழக்கத்தைச் சத்திரம் அப்படியே ஏற்றுக்கொண்டது எனலாம். வழியில் பிள்ளைபெற்றவளுக்கு அது தாய்வீட்டின் இடத்தில் நின்றது.

இக்கடிதத்தை நேர்ச்சான்றாக அப்படியே ஏற்பது ஆய்வுமுறையாகாது. இது ஒரு விண்ணப்பம். வருவாயைக் காக்க வேண்டி எழுதப்பட்டது. எனவே குறைகளைச் சொல்லாது. எல்லாச் சாதியாரும் உணவு பெற்றனர் என்பதனால் எல்லாரும் ஒரே கூடத்தில் உறங்கினர் என முடிவு செய்ய இயலாது. சமைத்த சோறு, சமைக்காத அரிசி என்னும் பாகுபாடே உள்ளிருந்த வரிசையைக் காட்டிக் கொடுக்கிறது. மோடி ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளமையால், சத்திரக் கணக்குகளைக் கடிதத்தோடு ஒப்பிடும் வாய்ப்பு இன்று தமிழ் ஆய்வாளர் எவர்க்கும் உண்டு. பாலுக்கும் பேறுகாலத்துக்குமான செலவினங்களைத் தனியே தொகுக்கும் முயற்சி உடனடித் தேவை.

இராமேசுவரச் சாலை என்பதிலும் ஒரு பொருள் உள்ளது. மகப்பேறு வேண்டியே பலரும் சேது யாத்திரை மேற்கொண்டனர். பிறந்த பிள்ளைக்குச் சேது என்றும் இராமநாதன் என்றும் பெயரிட்டுப் பின்னொரு முறை அதே வழியில் அழைத்துச் சென்றனர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் 1802இல் அமைந்த முக்தாம்பாள் சத்திரம் எனப் பல சத்திரங்கள் பெண்களின் பெயரைத் தாங்கி நிற்பதையும் இப்பின்னணியில் வைத்து நோக்கலாம்.

தரையும் உத்திரமும்

சத்திரத்தின் கட்டட அமைப்பு அங்கு உறங்கிய முறையைத் தீர்மானித்தது. தெருவை நோக்கிய திண்ணை, தூண்கள் தாங்கிய கூடம், நடுவே முற்றம், பின்கட்டில் சமையலிடமும் கிணறும் என்பது பொது அமைப்பு. ஆண்கள் திண்ணையிலும் பெண்களும் குழந்தைகளும் உட்கூடத்திலும் படுப்பது வீட்டு வழக்கத்தின் நீட்சியாகும். பாயோ ஜமக்காளமோ பயணியே கொண்டுவருவது. விரித்தால் படுக்கை; சுருட்டினால் மூட்டை. ஒரு ஜமக்காளத்தில் தாயும் மூன்று பிள்ளைகளும் படுக்கலாம். நான்காவது பிள்ளை வந்தால் சற்றே நெருங்கிக்கொள்ளலாம். தரைக்கு எண்ணிக்கை இல்லை. தரையிலிருந்து குழந்தை உருண்டு விழவும் இடமில்லை என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர்.

கைக்குழந்தைக்குத் தூளி. தென்மாவட்டங்களில் தொட்டில் என்றும், பிற வட்டாரங்களில் ஏணை என்றும் இது வழங்கும். தாயின் பழைய பருத்திப் புடவை ஒன்றும், தலைக்குமேல் ஓர் உத்திரமோ வளையமோ இருந்தாலே போதும். விரிவுக்காக நடுவே ஒரு கட்டையை வைப்பர். பகலில் உடுத்தும் புடவை இரவில் தொட்டிலாகும் இந்த ஏற்பாட்டால், குழந்தையின் படுக்கை குடும்பத்தோடு சேர்ந்தே பயணித்தது. தங்கிடம் தர வேண்டியது ஓர் உத்திரம் மட்டுமே. மரச்சட்டத்தாலான கூரைகொண்ட சத்திரத்தில் அதற்குக் குறைவில்லை.

இந்தக் கூடம் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கவில்லை. இதைச் சொல்லாமல் சத்திரத்தைப் புகழ்வது வரலாறாகாது. தமிழகத்துக்கு வெளியே நிகழ்ந்ததாயினும் இங்குப் பொருந்தும் ஒரு சான்றை அம்பேத்கர் தம் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் பதிவு செய்துள்ளார். 1901இல், சிறுவனாக, தம் அண்ணனோடும் இறந்துபோன அக்காளின் பிள்ளைகளோடும் சாத்தாராவிலிருந்து தந்தையைக் காண மசூர் நிலையம் வரை இரயிலில் சென்றார். நல்லுடை அணிந்திருந்த பிள்ளைகளிடம் பரிவு காட்டிய நிலைய அதிகாரி, அவர்கள் மகர் என அறிந்ததும் விலகிப் போனார். இருமடங்கு கூலி தந்தும் வண்டிக்காரர் உடனமர்ந்து ஓட்ட மறுத்தார். பிள்ளைகளே வண்டியை ஓட்டினர். இரவில் சுங்கச்சாவடி ஒன்றை அடைந்தபோது, கையில் உணவிருந்தும் குடிக்க நீர் தருவாரின்றி உண்ணாமலே படுத்தனர். துணைக்குப் பெரியவர் எவருமற்ற நான்கு பிள்ளைகளுக்கு அன்று வாய்த்த உறங்கிடம் ஒரு மாட்டுவண்டியே. உணவகங்களிலும் விடுதிகளிலும் நுழையச் சாதியின் பெயரால் தடை கூடாதென அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு வகுத்தபோது, அதன் பின்னணியில் இத்தகைய இரவுகள் பல இருந்தன.

ஆக, காசுக்கு அறை தரும் லாட்ஜ் வந்தது வெறும் இழப்பன்று. சாதி கேளாமல் சாவி தந்த விடுதி, அது தந்த அளவுக்கு, ஒரு விடுதலையுமாகும். இந்த இருமுனையையும் ஒருங்கே ஏற்றுத்தான் மேலே செல்ல வேண்டும்.

இரயிலும் அறையும்

இரயில் பயணத்தின் வேகத்தை மாற்றியது. சத்திரங்களோ சில காலம் அதற்கு ஈடுகொடுத்தன. 1875இல் மதுரைக்கு இரயில் வந்தபோது நிலையம் அமைந்தது மங்கம்மாள் சத்திரத்தின் எதிரே. சென்னை மத்திய நிலையத்தின் எதிரே இராஜா சர் சவலை இராமசாமி முதலியார் 1880களில் கட்டிய சத்திரம், இரயிலில் வந்திறங்கிய வெளியூர்க் குடும்பங்களுக்கு முதல் நிழலாயிற்று. இராயபுரத்துப் பேறுகால மருத்துவமனையும் இவர் பெயரையே தாங்குகிறது. சரபோசி காலத்தில் ஒரே கூரையின்கீழ் இருந்த வழிப்போக்கர் அறமும் பேறுகால அறமும் நகரத்தில் இரு தனி நிறுவனங்களாகப் பிரிந்தன என்பதற்கு இது பொருத்தமான சான்று. மருத்துவம் தேர்ச்சி பெற்றது. சத்திரம் வெறும் தங்கிடமாகச் சுருங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் உடுப்பிக்காரர் நடத்திய உணவகங்கள் மாடியில் அறைகளையும் சேர்த்துக்கொண்டன. 1971இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சுற்றுலா இடங்களில் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ என்னும் விடுதிகளை நடத்தியது. தேவஸ்தானங்களும் குடில்களைக் கட்டின. இவை அனைத்திலும் இடத்தின் அலகு மாறியது. ‘டபுள் ரூம்’ என்றால் இரண்டு கட்டில் அல்லது ஓர் இரட்டைக் கட்டில், இரண்டு ஆள். மூன்றாமவர்க்கு ‘எக்ஸ்ட்ரா பெட்’. அதற்குத் தனிக் கட்டணம். தரையில் விரிக்கும் மெத்தைதான் அது. சத்திரத்தில் எல்லார்க்கும் உரியதாக இருந்த தரை, விடுதியில் மூன்றாமவர்க்கு மட்டும் விலைக்குத் தரப்பட்டது என்பதில் ஒரு நகைமுரண் உள்ளது.

குழந்தையை ஆளாகக் கணக்கிடுவதா என்பது இதன்பின் எழும் வினா. அமெரிக்காவிலும் இது எழுந்தது. 1951இல் மெம்ஃபிஸ் நகரத்துக் கட்டுமானத் தொழிலர் கெமன்ஸ் வில்சன் மனைவியோடும் ஐந்து குழந்தைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் சென்றார். பெற்றோரின் அறையிலேயே படுத்த பிள்ளைகளுக்கும் வழிநெடுக விடுதிகள் தலைக்கு இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டன. சினமுற்ற அவர் 1952 ஆகஸ்டில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். பெற்றோரோடு தங்கும் குழந்தைகளுக்குக் கட்டணமில்லை என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஒரு குடும்பத்தலைவரின் எரிச்சல் உலகளாவிய விடுதி விதியாயிற்று. இன்று தமிழகத்து விடுதிகளில், தனிப் படுக்கை கேளாத சிறு குழந்தைக்குக் கட்டணமில்லை எனப் பலவாறு எழுதப்படும் விதி இந்த மரபைச் சார்ந்தது; சத்திர மரபைச் சார்ந்ததன்று. சத்திரம் குழந்தைக்குக் கட்டணத்தைத் தள்ளவில்லை. அங்குக் கட்டணமே இல்லை.

மேலைநாட்டு விடுதிகள் தரும் கம்பித் தொட்டிலுக்குப் பின்னால் வேறொரு உறக்கப் பண்பாடு உள்ளது. குழந்தை தனிப் படுக்கையில் உறங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மல்லாந்து படுக்கவைத்தல், பெற்றோரின் அறையில் ஆனால் தனிப் பரப்பில் படுக்கவைத்தல் என்பன அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரைகள். எதிர்பாராக் குழந்தை மரணத்தைத் தடுப்பது அவற்றின் நோக்கம். கம்பிகளின் இடைவெளிக்கு 1970களிலேயே அங்கு விதி வகுக்கப்பட்டது. பக்கம் இறங்கும் தொட்டில்கள் 2011இல் தடை செய்யப்பட்டன. தாயருகில் உறங்குவதைப் பிழையென்றே கொள்ளலாகாது என மானிடவியலாளர் ஜேம்ஸ் மெக்கென்னா போன்றோர் வாதிடுகின்றனர். நம் விடுதிகளோ இவ்விரண்டிலும் சேரவில்லை. கட்டிலை மேற்கிலிருந்து எடுத்துக்கொண்டு, தொட்டிலை அங்கேயே விட்டுவிட்டன. கான்கிரீட் கூரை போட்டு உத்திரத்தையும் நீக்கிவிட்டன.

இக்கட்டுரையாளரின் தம்பிக்கு முடியிறக்கச் சென்றபோது கோயிலூர் ஒன்றின் லாட்ஜில் தூளி கட்ட இடமின்றி, சாளரக் கம்பியில் ஒரு முனையையும் அலமாரிப் பிடியில் மறுமுனையையும் கட்டி, இரவெல்லாம் அம்மா அதன் அடியிலேயே படுத்திருந்தார். கட்டிலில் அப்பாவும் நானும் படுத்திருந்தோம். அறைக்கட்டணம் இரண்டு பேருக்குத்தான் தரப்பட்டது. தங்கிடம் பற்றிய ஆய்வுக் கேள்வியாக அது அன்று தோன்றவில்லை.

இரயில் துறையிலும் இக்கணக்கு தொடர்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை, படுக்கையும் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர் அரைக்கட்டணத்தில் தனிப் படுக்கை பெற்றுவந்தனர். 2016 ஏப்ரல் 21 முதல் படுக்கை வேண்டுவோர்க்கு முழுக் கட்டணம் என மாறியது. அரைக்கட்டணம் செலுத்தினால் பெற்றோரின் படுக்கையையே பகிர வேண்டும். 2022 மே மாதம் வடக்கு இரயில்வேயின் லக்னோ கோட்டம், லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில், கீழ்ப்படுக்கையின் பக்கத்தில் மடித்துவைக்கத்தக்க குழந்தைப் படுக்கையைச் சோதனை முறையில் பொருத்தியது. 770 மில்லிமீட்டர் நீளமும் 255 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது அது. தாயின் படுக்கையோடு ஒட்டியது, வார்ப்பட்டை உண்டு, தேவையில்லாதபோது கீழே மடங்கிவிடும். அந்தப் பெட்டியில் அத்தகைய படுக்கை பெற்றவை இரண்டே. 12ஆம் எண்ணும் 60ஆம் எண்ணும்.